சாக்கு நூல்

ஜுபைலில் எங்கள் அறைச் சுவரில்
பணம் அனுப்பும் கம்பெனி இலவசமாய்த் தந்த காலண்டர்.
பன்னிரண்டு மாதமும் அடியில் நெருக்கியடித்து நிற்க
மேலே முழுக்க நேபாளம்.
மலைக்குப் பழுப்பு, பனிக்கு வெள்ளை.
ஆறுகளுக்கு மை போதவில்லை போல,
தெற்கே போகப் போக நீலம் வெளிறிவிட்டது.

வெள்ளிக்கிழமை. இரண்டாம் யூனிட் பழுது, வேலையில்லை.
பாஸ்மதி மூட்டையின் வாய்த்தையலை
ஒரே இழுப்பில் உருவினான் தன்ராஜ் ரோகாயா.
கையில் நூல் வந்துவிட்டது,
எதையாவது அளக்க வேண்டுமே.

கர்ணாலியில் வைத்தான் நூலை.
வளைவுக்கு வளைவு விரல் நகத்தால் அழுத்தி
மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.
எல்லைக்கோட்டில் ஒரு முடிச்சு.
அடுத்து தேஜ் புன் தன் காளிகண்டகியை அளந்தான்.
முடிச்சுக்கு எட்டவில்லை.
"நூல் இழுபடுது" என்றான்,
மறுபடி அளந்தான், மறுபடியும் எட்டவில்லை.

மான்ஹாங் லிம்பு விடுவதாயில்லை.
"கோசி திபெத்தில பொறக்குது. அங்கேருந்து அள."
காலண்டரில் திபெத் இல்லை.
மேல் ஆணியோடு நாடு முடிந்துவிட்டது.
அவன் நூலைச் சுவரில் ஏற்றினான்
உதிரும் சுண்ணாம்பு வழியே
சுவிட்ச் போர்டு வரைக்கும்.
"இங்க பாரு, இதுதான் ஊற்று."
ஃபேன் ரெகுலேட்டரில் பிறந்து
கோசி ஜெயித்தது.

ஒரே கூச்சல். வெளியே ஓடிய நீளம் செல்லாது,
நாட்டுக்குள் ஓடியதுதான் கணக்கு என்று ரோகாயா சட்டம் பேச,
தேஜ் புன் கேட்டான், சிரித்துக்கொண்டேதான்:
"பதினோரு வருஷமா நான் வெளியிலதான் ஓடுறேன்.
அதைக் கழிச்சா
என் நீளம் எவ்வளவுடா?"
ஏசி தண்ணீர் வாளியில் சொட்டியது.
யாரோ போய் வாளியை மாற்றினார்கள்,
அது பாதிகூட நிரம்பவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.
உன் ஆறு எந்தக் கடலில் சேருது?
ராமநாதபுரம் கண்மாயில் என்றேன்.
மூவரும் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
வைகைக்கு நூல் கேட்கவில்லை நான்.

இரவு ஷிஃப்ட். குடிநீர் ஒரு குழாயில் ரியாத்துக்கு,
கொழுத்த உப்புநீர் மறு குழாயில் கடலுக்கே.
வால்வைத் திருகியபடி ரோகாயா சொன்னான்:
எங்க பக்கம் தண்ணிக்குப் பஞ்சமில்ல,
உப்புதான் கிடைக்காது.
அப்பா பத்து நாள் மலையேறி வடக்கே போவார்.
இருபது ஆடு, ஆட்டுக்கு ரெண்டு சின்னப் பை.
இறங்கும்போது கர்ணாலியில ஒரு ஆடு வழுக்கிருச்சு.
அப்பா ஆட்டுக்காக அழல.
பை கரைஞ்சு போச்சேன்னு அழுதார்.

உப்புநீர்ச் சக்கரத்தை இன்னும் அரைச்சுற்று திறந்தான்.
ஆயிரத்து முந்நூறு ரியால், ஓவர்டைம் தனி,
ராத்திரி முழுக்க
டன் டன்னாய்க் கடலுக்கே திருப்பித் தள்ளுகிறோம்.
"இதை அவர்கிட்ட சொல்லவே இல்ல" என்றான்.

விடிகாலை மகள் கூப்பிட்டாள்.
புவியியல் தேர்வு அன்றைக்கு.
நாட்டின் நீளமான ஆறு எது, எவ்வளவு?
"கர்ணாலி! நானே அளந்தேன்,
ஒரு சாணும் நாலு விரலும்."
ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்,
அது ஆறா நெட்வொர்க்கா தெரியவில்லை.
பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள்:
"பாபா, ஐந்நூற்று ஏழு கிலோமீட்டர்.
சாண்னு எழுதினா
மார்க் தர மாட்டாங்க."

சரி சரி என்று தலையாட்டினான்,
அவள் பார்க்கிற மாதிரி.
நூல் அவன் சட்டைப் பையில்
முடிச்சோடு இருந்தது.